தற்காலிக ஆசிரியர்கள், நிரந்தர வேலை

ஜனவரி 27, 2025, டர்பன், தென்னாப்பிரிக்கா

எங்கள் பல்கலைக்கழக ஆங்கிலப் பயிற்சித் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் அம்மையார் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்குப் புதிதாக ஆள் எடுக்கப்போவதில்லையாம். துறைத் தலைவரே கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொள்வாராம். கூடுதல் பொறுப்பு எப்படி நடக்கும் என்று திருநெல்வேலியில் அரசு அலுவலகம் ஏறி இறங்கியவளுக்குச் சொல்லித்தர வேண்டாம். ஆறு பயிற்றுநர்களில் நால்வருக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. எஞ்சிய இருவரில் நான் ஒருத்தி.

பிப்ரவரி 4

தொழிற்சங்கப் பிரதிநிதி வந்து சட்டத்தை விளக்கினார். தொழிலாளர் உறவுச் சட்டத்தில் 2015 முதல் ஒரு திருத்தம் நடப்பில் இருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 2,54,000 ராண்டுக்குக் கீழே சம்பாதிப்பவரை மூன்று மாதத்துக்கு மேல் தற்காலிகமாக வைத்திருக்க நியாயமான காரணம் வேண்டும். இல்லையென்றால் அவர் நிரந்தர ஊழியராகவே கருதப்படுவார். எங்களில் யாரும் அந்த வரம்பை எட்டிப் பார்த்ததுகூட இல்லை. எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அடுத்த பத்தியை அவர் படித்ததும் சாய்ந்துகொண்டோம். வெளியிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வரும் நிதியில் நடக்கும் வேலை என்றால், அதுவே நியாயமான காரணமாம். எங்கள் சம்பளமோ அரசின் பல்கலைக்கழகத் திறன் மேம்பாட்டு மானியத்திலிருந்து வருகிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை.

மானியம் மூன்று மூன்று ஆண்டுகளாக வருகிறது. முதலாண்டு மாணவர்கள் ஒவ்வொரு பிப்ரவரியிலும் வருகிறார்கள். இதில் எது தற்காலிகம்?

பிப்ரவரி 11

தைப்பூசம். கோயிலில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியைச் சேர்ந்த தம்பியைப் பார்த்தேன். வேலை போன நால்வரில் ஒருவர். தோளில் காவடி, நெற்றி நிறைய விபூதி. "வகுப்பில் எத்தனை பேர், அக்கா?" என்றார். தொண்ணூறு என்றேன். "திருத்துவீர்களா, எண்ணுவீர்களா?" என்று கேட்டுவிட்டு ஊர்வலத்தோடு நகர்ந்தார்.

பிப்ரவரி 20

முதல் கட்டுரைகள் வந்துவிட்டன. ஒரு பையன் தன் தாயைப் பற்றி எழுதியதில் பாதி இடங்களில் அவள் ஆணாகிவிட்டாள். அவன் தாய்மொழியான ஜூலுவில் படர்க்கைப் பெயருக்கு ஆண்பால் பெண்பால் இல்லை. ஆங்கிலத்தில் பெயருக்கு முன் வரும் 'எ', 'தி' போன்ற சொற்களும் அதில் கிடையாது. 'எ', 'தி'யில் தடுமாறுவது எனக்கும் புரியும், தமிழிலும் அவை இல்லையே. கணினி இதற்கெல்லாம் சிவப்புக் கோடு போட்டுத் தள்ளிவிடும். அம்மையார் முதல் வரைவுக்கு மதிப்பெண்ணே போடமாட்டார். மாணவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, "யார் சமைத்தது? யார் கோபப்பட்டது?" என்று பத்து நிமிடம் கேட்பார். அவனே பேனாவை எடுத்துத் திருத்திக்கொள்வான். அந்தப் பத்து நிமிடம் எந்தப் பதவி விவரத்திலும் எழுதப்படவில்லை. ஆகவே யாரும் அதை ஒப்படைத்துவிட்டுப் போகவில்லை, யாரும் ஏற்றுக்கொள்ளவும் இல்லை.

மார்ச் 20

துறைத் தலைவர் கூட்டம் போட்டார். நால்வரில் இருவரை ஜூலையிலிருந்து மணிக்கணக்கில் அழைக்கலாமாம். திருத்தும் நேரத்துக்குச் சம்பளம் உண்டா என்று கேட்டேன். அது வகுப்பு நேரத்திலேயே அடங்கும் என்றார். தொண்ணூறு பேர், ஆளுக்குப் பத்து நிமிடம், பதினைந்து மணி நேரம் என்று பலகையில் எழுதிக் காட்டினேன். குறித்துக்கொண்டார். மனிதர் கெட்டவர் இல்லை, கையில் காசில்லை.

சாட்ஸ்வொர்த் தம்பி வரமாட்டார். டர்பனின் பீனிக்ஸ் பகுதியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஏப்ரலில் சேர்கிறார், நிரந்தர வேலை. மருத்துவக் காப்பீடும் உண்டாம்.