ழோப்பிகளை ரிட்டலாம்

இந்த மே மாதம் எங்கள் வீட்டில் ஒரு மொழி பிறந்தது. பெற்றவர்கள் இரண்டு பேர்: நான்காவது முடித்த என் மகள், எதிர்வீட்டுப் பையன். பிறந்த இடம், கிருஷ்ணகிரியில் எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழல். பெரியவர்களுக்குப் புரியக் கூடாது என்பதைத் தவிர அந்த மொழிக்கு வேறு நோக்கம் எதுவும் கிடையாது.

நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்க காலத்துல ‘க’ பாஷை இருந்துச்சு, ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னாடி ஒரு ‘க’ போட்டா போதும்" என்று ஆரம்பித்தேன். "அது எல்லாருக்கும் தெரியும்ப்பா" என்று மகள் ஒரே வரியில் என் பால்யத்தை மூடிவிட்டாள்.

அவர்கள் வழி வேறு. பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கங்களில் சொற்களை எழுதிக்கொண்டே போனார்கள். ஆயாவுக்கு, அதாவது எங்கம்மாவுக்கு, ‘டுர்ரா’. மாம்பழத்துக்கு ‘ழோப்பி’. தூங்குவதற்கு ‘ஙாம்பு’. எடுப்பதற்கு ‘ரிட்டு’. பார்த்ததும் எனக்கு ஒன்று பிடிபட்டது. ட, ண, ர, ல, ழ எல்லாம் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது என்று நாம் இலக்கணத்தில் படித்தோமே, அந்த எழுத்துகளாகவே தேடிப் பிடித்திருக்கிறார்கள். தமிழ் மாதிரி கேட்கக் கூடாது என்றால் அதுதான் குறுக்கு வழி என்று சொல்லித்தராமலே தெரிந்திருக்கிறது. (அந்த விதியை நாமும் இப்போது பார்ப்பதில்லை. டீ, ரொட்டி, லாரி மூன்றையும் எடுத்துவிட்டால் எங்கள் ஊர் பைபாஸில் என்ன மிச்சம்?) ‘இல்லை’ என்பதற்குச் சொல்லே இல்லை, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ‘ச்’ என்று ஒரு சொடுக்கு. அது என் மனைவியிடமிருந்து எடுத்தது. புதுச் செருப்பு வாங்கலாமா என்று நான் கேட்கும்போதெல்லாம் வருகிற பதில் அது.

மூன்றாம் நாள் சண்டை. ‘லம்மு’ என்றால் பூட்டு என்கிறான் பையன், புழு என்கிறாள் இவள். நோட்டில் இரண்டும் இருக்கிறது. பஞ்சாயத்துக்கு என்னிடம் வந்தார்கள். அங்கேதான் நான் கெடுத்தேன்.

சாமன்ஹோஃப் என்று ஒரு கண் டாக்டர் இருந்தார், 1887இல் வார்சாவில் எஸ்பெராண்டோ என்ற மொழியை உருவாக்கி வெளியிட்டார், அதற்கு மொத்தமே 16 விதிகள் என்று ஆரம்பித்தேன். பெயர்ச்சொல் எல்லாம் ‘ஓ’வில் முடியும். எதிர்ச்சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம், முன்னால் ‘மல்’ போட்டால் போதும். ‘போனா’ என்றால் நல்ல, ‘மல்போனா’ என்றால் கெட்ட. அகராதியில் பாதி மிச்சம்.

இரண்டு பேருக்கும் கண் விரிந்தது. ‘மல்’ வேண்டாம், ‘டிப்’ என்று முடிவானது. சாயங்காலத்துக்குள் வீட்டில் இருக்கிற எல்லாவற்றுக்கும் எதிர்ச்சொல் வந்துவிட்டது. ‘டிப்ழோப்பி’ எது என்பதில் மட்டும் இழுபறி. புளி என்றாள் இவள். பாவக்காய் என்றான் அவன். அம்மாவுக்கு ‘மோ’ என்று ஏற்கெனவே வைத்திருந்ததால் அப்பா என்ன ஆனார் என்று உங்களுக்கே தெரியும். அன்றிலிருந்து இந்த வீட்டில் நான் டிப்மோ.

சொற்களை ஒட்டுவதையும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பக்கத்து ஜில்லா ஒகேனக்கல்லையே எடுத்துக்கொள், கன்னடத்தில் ‘ஹொகே’ என்றால் புகை, கல் நம்ம கல்தான், புகைகிற கல் என்றேன். அரை மணி நேரத்தில் டிவி ரிமோட்டுக்கு ‘ராங்கடம்மு’ என்று பெயர் வந்தது. ராங்கா என்றால் சண்டை, டம்மு என்றால் குச்சி. இதைவிடப் பொருத்தமான பெயரை எந்தக் கம்பெனியும் வைத்ததில்லை.

பன்மைக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். "அதான் ‘கள்’ இருக்குல்ல, அதுக்கு எதுக்குப்பா புதுசா?" என்றாள். சரி என்று விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம். எங்கம்மா கூடத்தில் கட்டிலில் படுத்திருந்தார். கட்டிலுக்கடியில் வைக்கோல் பரப்பி ஒரு கூடை செந்தூரா மாங்காய் பழுக்கப் போட்டிருந்தார். பிள்ளைகள் இரண்டும் தரையில் தாயம் ஆடுகிற பாவனையில் உட்கார்ந்திருந்தன. மகள் மெதுவாகச் சொன்னாள்:

"டுர்ரா ஙாம்பினதும் ழோப்பிகளை ரிட்டலாம்."

கண்ணைத் திறக்காமலே அம்மா சொன்னார்: "ஆயா தூங்கினதும் மாம்பழத்தை எடுக்கலாமா கண்ணு? நான் இன்னிக்குத் தூங்கறதா இல்லையே."

தாயக்கட்டை உருண்டு சோபாவுக்கடியில் போனது. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. எப்படிம்மா என்றேன்.

"ஏன்டா, சொல்லை மட்டுந்தான மாத்தினாங்க? ‘இனதும்’னா ஏதோ முடிஞ்சப்புறம். ‘களை’ன்னா நிறைய இருக்கற ஏதோ ஒண்ணை. ‘லாம்’னா செய்யறதுக்குத் திட்டம். டுர்ரான்னப்ப ரெண்டும் என்னைத் திரும்பிப் பார்த்துச்சுங்க. நான் எது பண்ணினதுக்கப்புறம் இதுங்களுக்கு வசதி? எங்கிட்ட நிறைய இருக்கறது எது?"

வேற்றுமை உருபு, எச்சம், விகுதி என்று எந்தப் பெயரும் அவருக்குத் தெரியாது. படித்தது மூன்றாவது வரை. ஆனால் எங்கப்பா போச்சம்பள்ளிச் சந்தையில் மாட்டுத் தரகு பார்த்தவர், அம்மாவும் கூடவே போய் வந்தவர். தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றும் ஒரே மாட்டைச் சுற்றி நின்று பேசுகிற இடம் அது. "எந்த பாஷைன்னாலும் கடைசிச் சொல்லைப் பிடி, வாங்கறானா, வாங்கப் போறானா, சும்மா பார்க்க வந்தானான்னு அதுலதான் இருக்கும்" என்றார். அப்புறம் கொஞ்சம் பெருமையாக, "துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடிச்சு விலை பேசுவாங்களே, அதையே மூஞ்சியப் பார்த்துக் கண்டுபிடிச்சவ நான்."

பிள்ளைகள் அழாத குறை. ஆறுதலுக்கு நான் இன்னொரு அறிவுரை சொன்னேன். ‘ஸ்டார் டிரெக்’ சினிமாவில் வேற்றுக்கிரகவாசிகள் பேசுவதற்கென்று மார்க் ஒக்ராண்ட் என்ற மொழியியலாளர் உருவாக்கிய கிளிங்கான் மொழியில் செயப்படுபொருள் முதலில் வரும், வினை நடுவில், எழுவாய் கடைசியில். உலகத்தில் இந்த வரிசை மிக அரிது. அப்படி மாற்றினால் யாருக்கும் புரியாது என்றேன்.

மகள் மனதுக்குள் போட்டுப் பார்த்தாள். "மாம்பழத்தைத் தின்றாள் ஆயா." நிமிர்ந்தாள். "இது புரியுதேப்பா."

புரியத்தான் செய்தது. ‘ஐ’ என்று ஒரு உருபு ஒட்டிக்கொண்டிருக்கும்வரை சொற்களை எப்படிக் கலைத்துப் போட்டாலும் தமிழில் யார் தின்றார், எது தின்னப்பட்டது என்பது தெரிந்துவிடும். வேற்றுக்கிரகத்தார் தொண்டை கிழியப் பேசுகிற வாக்கிய அமைப்பு நம் ஊரில் கவியரங்க வரி.

அன்று ராத்திரி அம்மாவும் பிள்ளைகளும் ஏதோ ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். மறுநாளிலிருந்து ‘கள்’, ‘ஐ’, ‘லாம்’ மூன்றும் ஒழிந்து அந்த இடத்தில் வேறென்னவோ வந்துவிட்டது. நோட்டு அம்மாவின் தலையணைக்கடியில். அதில் அவர் சொன்ன சந்தைச் சொற்களும் ஏறிவிட்டன என்று நினைக்கிறேன், சில இடங்களில் விரலையும் மடக்குகிறார்கள்.

நேற்று சாப்பிட்டு முடித்து, பழம் ஏதாவது இருக்கா என்று கேட்டேன். எனக்கு போன மாதம்தான் சர்க்கரை எல்லையில் இருப்பதாக டெஸ்டில் வந்திருந்தது. அம்மா மகளைப் பார்த்து நிதானமாக ஒரு வாக்கியம் சொன்னார். அதில் டிப்மோ இருந்தது, ழோப்பியும் இருந்தது. மிச்சம் எதுவும் எனக்குப் பிடிபடவில்லை. கடைசிச் சொல்லைப் பிடிக்கலாம் என்று காதைத் தீட்டினேன். கடைசியில் வந்தது ஒரு சொடுக்கு.

"தீர்ந்துடுச்சுப்பா" என்று மகள் மொழிபெயர்த்தாள்.

காலையில் குப்பையைக் கொட்டப் போனபோது வாளியில் நான்கு கொட்டைகள் கிடந்தன, ஈரம்கூடக் காயவில்லை.