கண்ணாடியில் வெள்ளீய ஒட்சைட்டுப் படலம்: செய்து பார்த்த அனுபவம்

ஒளியை மறிக்காமல் மின்னைக் கடத்தும் ஒட்சைட்டுப் படலங்களுள் பெயர்பெற்றது இந்தியம் வெள்ளீய ஒட்சைட்டு. அதனைத் தரமாகப் படியவைக்க வெற்றிடக் கலமும், பொருளின் அணுக்களைத் தெறிக்கவைத்துப் படியச் செய்யும் தெறிப்புப் படிவு இயந்திரமும் வேண்டியிருப்பதால், வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பில் வாழும் எனக்கு எஞ்சியது தெளிப்பு வெப்பப்பகுப்பு முறையே. சூடான கண்ணாடியில் வெள்ளீய உப்புக் கரைசலை நுண்துளிகளாகத் தெளித்தால், அது அங்கேயே ஒட்சைட்டாக மாறிப் படியும்.

தொழிற்சாலைகள் இத்துடன் புளோரினையும் சேர்த்து, சதுரத்துக்கு 10 ஓம் (படலத்தின் ஒரு சதுரத் துண்டில் எதிரெதிர் விளிம்புகளுக்கிடையிலான தடை) அளவிலான தடையைப் பெறுகின்றன. புளோரைட்டு உப்புகள் சூட்டில் ஐதரசன் புளோரைட்டு வாயுவைத் தரக்கூடியவை என்பதால், வீட்டில் அவற்றைத் தொடுவதில்லை என்று முதலிலேயே தீர்மானித்தேன். ஒட்சிசன் குறைபாடுகளால், அதாவது சில ஒட்சிசன் அணுக்கள் இல்லாமையால், தானே ஓரளவு கடத்தும் தூய வெள்ளீய ஒட்சைட்டு எனக்குப் போதும்.

வெள்ளீய உப்பாக, ஐந்து நீர் மூலக்கூறுகள் சேர்ந்த வெள்ளீய நாற்குளோரைட்டுப் பளிங்கை, அதாவது அதன் ஐந்நீரேற்றைத்தான் பயன்படுத்தினேன். கொழும்பின் ஈரக்காற்றில் போத்தலைச் சற்றுத் திறந்து வைத்தாலே பளிங்குகள் நீரை உறிஞ்சிக் கூழாகிவிடும். கரைப்பானாக எதனோலைப் பலர் விரும்பினாலும், கண்ணாடியை வைத்துச் சூடாக்கும் 450 பாகை செல்சியஸ் தட்டின் மேல் அதன் ஆவி தீப்பற்றக்கூடும் என்பதால் நீரையே தெரிந்தேன். ஒவ்வொரு வெள்ளீய அணுவுக்கும் நான்கு ஐதரசன் குளோரைட்டு மூலக்கூறுகள் வெளியேறுவதால், மொட்டைமாடியில், காற்றுக்கு முதுகு காட்டி, அமில வாயுவுக்குரிய முகமூடியோடு, கீழ்வீட்டு அன்ரி துணி காயப்போடாத வேளை பார்த்தே தெளித்தேன்.

முடிவைத் தீர்மானிப்பது கரைசலின் செறிவைவிடக் கண்ணாடி மேற்பரப்பின் வெப்பநிலைதான் என்பது என் கணிப்பு. ஒவ்வொரு தெளிப்பும் மேற்பரப்பைக் குளிரச் செய்கிறது. தொடர்ந்து தெளித்தால் வெண்பொடி படிவதோடு சாதாரண யன்னல் கண்ணாடி வெடிக்கவும் கூடும். ஆகவே ஓரிரு விநாடி தெளித்து, கண்ணாடியில் பொருத்திய வெப்பவிணை (வெப்பநிலை அளக்கும் கம்பி உணரி) பழைய அளவைக் காட்டும்வரை பொறுத்து, மீண்டும் தெளித்தேன். தடிப்பு ஏற ஏறப் படலம் மஞ்சள், ஊதா, நீலம், பச்சை என்று நிறம் மாறிச் செல்வதைச் சாய்வாகப் பார்த்தால் தெளிவாகக் காணலாம். ஓரங்களில் நிறவளையங்கள் நெருங்கியிருந்தால் அங்கே தடிப்பு சீரில்லை.

தடையை அளக்க மல்டிமீற்றரின் கூர்முனைகளை வெறுமனே குத்துவது பயனற்றது, ஏனெனில் தொடுகைத் தடையும் சேர்ந்துவிடும். சதுரமாக வெட்டிய துண்டின் எதிரெதிர் விளிம்புகள் முழுவதிலும் வெள்ளிப்பூச்சு இட்டு அளந்தால், கிடைக்கும் எண்ணே ஏறத்தாழச் சதுரத் தடையாகும். என் நல்ல துண்டு சுமார் 1,200 ஓம் காட்டியது. கடத்துதிறனைக் கூட்ட, அடுத்து அந்திமனி என்ற மூலகத்தைச் சேர்க்கவிருக்கிறேன். அளவு கூடினால் படலம் நீலம் பாயும் என்பதால், மிகச் சிறு அளவிலேயே தொடங்குவேன்.