சோளகக் காற்றும் ஷார்ப்லெஸ் 27உம்

ஷார்ப்லெஸ் 27 என்ற நெபுலா, அதாவது விண்வெளியில் ஒளிரும் வாயு முகில், கடைசியில் படத்தில் விழுந்துவிட்டது. வைகாசி, ஆனி மாத இருட்டில் ஐந்து இரவுகள், மூன்று நிமிடப் படங்கள் 210, மொத்தம் பத்தரை மணித்தியாலம்.

விருச்சிகத்தைப் படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் கேட்டையைச் சுற்றியுள்ள வண்ண முகில்களோடு நின்றுவிடுவார்கள். அதற்குச் சற்று வடக்கே சீட்டா ஒபியூக்கி என்ற விண்மீன் இருக்கிறது. சூரியனைப்போல் 20 மடங்கு நிறை. அதன் புற ஊதாக் கதிர் பட்டுச் சுற்றியிருக்கும் ஐதரசன் 656.3 நானோமீற்றரில் சிவப்பாக ஒளிர்கிறது. அகலம் பத்துப் பாகை, அதாவது இருபது முழுநிலாவை வரிசையாக வைக்கலாம். 1959இல் ஷார்ப்லெஸ் வெளியிட்ட 313 நெபுலாக்களில் இது 27ஆவது. விண்மீன் வெறுங்கண்ணுக்குத் தெரியும், நெபுலா தெரியாது.

யாழ்ப்பாணத்தில் இது 70 பாகை உயரத்துக்கு ஏறும். லண்டனில் இருக்கிற எங்கள் ஆட்களுக்கு 28 பாகைதான். ஆனால் விண்மீன்களோடு கமராவும் சேர்ந்து திரும்ப வேண்டுமென்றால், அதைச் சுழற்றும் தாங்கியைத் துருவ விண்மீனைப் பார்த்து வைக்க வேண்டும். இங்கே அது பத்துப் பாகை அளவில்தான் நிற்கும். வீட்டு வளவில் பனங்கூடல் அதை மறைத்துவிடும், மணற்காட்டில் கடல் ஈரம் விழுங்கிவிடும். அதனால் தெற்கே உச்சிக்கு வந்த ஒரு விண்மீனை ஐந்து நிமிடம் விட்டுப் பார்த்து, மேலே நழுவுகிறதா கீழே நழுவுகிறதா என்று கண்டு, தாங்கியைத் திருகினேன். பொறுமை வேண்டும், ஆனால் வேலை செய்கிறது.

கமரா, சிவப்பைத் தடுக்கும் உள்வடிகட்டி கழற்றிய பழைய கனன். 50 மி.மீ. லென்ஸ், ஐதரசனின் சிவப்பை மட்டும் விடும் 12 நானோமீற்றர் வடிகட்டி. மணலில் முக்காலி இறங்காமல் ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு சீமெந்துக் கல். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசினால் பனி படியாது, ஆனால் கமரா ஆடும். அப்படி அறுபது படங்களுக்கு மேல் கழித்தேன்.

இனித்தான் முக்கியமான விசயம். போன வருசம் எடுத்த படத்திலும் நடுவில் ஒரு சிவப்பு வட்டம் இருந்தது. சந்தோசத்தில் அண்ணைக்கும் அனுப்பினேன். பிறகு யோசித்தால், லென்ஸும் நடுவை வெளிச்சமாகவும் ஓரத்தை மங்கலாகவும்தான் காட்டும். நெபுலாவும் வட்டம், லென்ஸின் குறையும் வட்டம், இரண்டும் ஒரே இடத்தில். எதை நம்புவது?

இம்முறை ஒவ்வொரு இரவும் சீட்டாவைப் படத்தின் வேறு பக்கத்தில் வைத்தேன். லென்ஸின் குறை நடுவிலேயே நிற்கும், நெபுலா விண்மீனோடு போகும். விடியப்புறம் வானம் வெளுக்கும்போது லென்ஸின் மேல் வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்துப் போட்டு, ஓர மங்கலைத் திருத்தும் படங்களும் எடுத்தேன். சாமத்திலும் 28 பாகை வெக்கை என்பதால், கமராச் சூட்டால் வரும் புள்ளிகளைக் கழிக்க, மூடியைப் போட்டு எடுக்கும் இருட்டுப் படங்களை ஒவ்வொரு இரவும் புதிதாக எடுத்தேன்.

ஐந்து இரவையும் சிரில் என்ற வானப்பட மென்பொருளில் தனித்தனியே அடுக்கிப் பார்த்தேன். ஐந்திலும் சிவப்பு சீட்டாவோடு நகர்ந்திருந்தது! அப்புறம் சிலியிலிருந்து எடுத்த ஷாசா (SHASSA) என்ற தென்வான ஐதரசன் வரைபடத்தோடு ஒப்பிட்டேன். அதையும் 52 மி.மீ. கனன் லென்ஸால்தான் எடுத்தார்கள் என்பது எனக்குப் பெரிய தெம்பு. ஓரங்கள் ஒத்துப்போயின.

கிழக்குப் பக்கத்தில் சிவப்பைக் கீறிக்கொண்டு ஒரு கறுப்பு இழை. அது நெபுலாவுக்கு முன்னால் நிற்கும் தூசு முகில், லிண்ட்ஸ் 204. என் படத்தில் மெல்லிய நிழலாகத்தான் இருக்கிறது. அடுத்த அமாவாசைக்கு 135 மி.மீ. லென்ஸை அதன் மேல் வைக்கப் போகிறேன்.