பூட்டு உடையலைனா வெறும் திருட்டுன்னு எழுதிடுவாங்க, விடாதீங்க

போன டிசம்பர்ல ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு ராத்திரி 9 மணிக்கு வந்து பார்த்தா கதவு சும்மா சாத்தி இருக்கு, பூட்டு ஒரு கீறல் கூட இல்லாம கொண்டியில தொங்குது, சாவியும் அதுலயே இருக்கு. நாங்க எப்பவும் மீட்டர் பாக்ஸ் மேல வெச்சுட்டுப் போற அதே சாவி. உள்ள பீரோ திறந்து கிடக்கு, அம்மாவோட 3 பவுன் செயினும் 22,000 ரூபாயும் இல்ல.

ஸ்டேஷன்ல ஏட்டு புகாரைப் படிச்சுட்டு "பூட்டை உடைக்கலயேம்மா, சாவி போட்டுத்தானே திறந்திருக்கான், சாதா திருட்டுதான் வரும்"னாரு. அன்னைக்கு சிஎஸ்ஆர், அதாவது புகார் வாங்கினதுக்கான ரசீது மட்டும் கொடுத்து அனுப்பிட்டாங்க. அம்மா ராத்திரி முழுக்க தூங்கல.

மறுநாள் வக்கீலா இருக்கிற எங்க மாமா சொல்லித்தான் எனக்கு விஷயமே புரிஞ்சது. 2024 ஜூலை 1ல இருந்து பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்கு (ஐபிசி) பதிலா பிஎன்எஸ்ங்கற பாரதிய நியாய சன்ஹிதா சட்டம். அதுல பிரிவு 303 திருட்டு, அடுத்தவங்க கைவசம் இருக்கிற பொருளை அவங்க சம்மதம் இல்லாம எடுக்கணும்னு நினைச்சு இடத்தை விட்டு நகர்த்தினாலே போதும், 3 வருஷம் வரைக்கும் ஜெயில். குடியிருக்கிற வீட்டுக்குள்ள திருடினா 305, 7 வருஷம் வரைக்கும். ஆனா வீடு புகுந்தது தனி குற்றம், அது 330, 331. போலீஸ்ல இதை கன்னக்களவுன்னு சொல்வாங்க, அந்தக் காலத்துல கன்னக்கோல் வெச்சு சுவத்துல ஓட்டை போட்டு நுழைஞ்சதால வந்த பேரு, அதனாலயே எதையாவது உடைச்சாத்தான் கன்னக்களவுன்னு எல்லாரும் நினைச்சுக்கறாங்க. சட்டம் அப்படி சொல்லல. சுவர் ஏறிக் குதிச்சாலும், கதவு ஓட்டையில கம்பி விட்டு தாழ்ப்பாளைத் தூக்கினாலும், அட வீட்டுக்காரர் தொலைச்ச சாவி கையில கிடைச்சு அதைப் போட்டு உள்ள போனாலும் அது வீடு உடைப்புதான்னு சட்டத்துலயே உதாரணம் போட்டு எழுதியிருக்கு. அதைப் படிச்சப்போ எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, அப்படியே எங்க கதை.

இன்னொண்ணு நேரம். பகல்ல புகுந்து திருடினா 10 வருஷம் வரைக்கும், சூரியன் மறைஞ்சு மறுநாள் உதிக்கறதுக்குள்ளன்னா 14 வருஷம் வரைக்கும். எதிர் மளிகைக்கடை கேமராவுல திருடன் எங்க கேட்டைத் திறக்கறது சாயந்தரம் 6:50க்கு பதிவாகியிருந்துச்சு, டிசம்பர்ல 6 மணிக்கெல்லாம் இருட்டிடும். அந்த வீடியோவை பென்டிரைவ்ல போட்டுக்கிட்டு, சாவி எங்க இருந்துச்சு எங்க கிடைச்சதுன்னு விவரமா புது மனு எழுதி எஸ்ஐ சார்கிட்ட நேரா கொடுத்தேன். அவர் பொறுமையா படிச்சாரு, சாயந்தரமே எஃப்ஐஆர் ஆச்சு, ராத்திரி வீடு உடைப்புக்கான 331(4)ம் வீட்டுத் திருட்டுக்கான 305ம் போட்டு. எஃப்ஐஆர் காப்பி காசில்லாம கொடுக்கணும்ங்கறது நம்ம உரிமை, கேட்டு வாங்கிக்கோங்க.

ரெண்டு மாசம் கழிச்சு ஆள் மாட்டினான். பணம் கிடைக்கல, செயின் கிடைச்சது. கொக்கி அறுந்துபோய் அம்மா கருப்பு நூல் சுத்தி வெச்சிருந்தாங்க, அந்த நூல் கூட அப்படியே இருந்துச்சு, அதை வெச்சுத்தான் அடையாளம் சொன்னாங்க. கோர்ட்டுல மனு போட்டு பாண்ட் எழுதிக் கொடுத்து வாங்கியிருக்கோம், கேஸ் முடியற வரைக்கும் விக்கவோ உருக்கவோ கூடாது, கூப்பிட்டா கொண்டு போய் காட்டணும். அம்மா அந்த நூலைக் கூட மாத்தல.