பார்க்காமல் நடக்க வராது

கதவு நிலையில் தோளை இடிக்காமல் நான் சமையலறைக்குள் போவது அபூர்வம். “கண்ணை எங்கடி வெச்சிருக்க?” என்பார் அம்மா. கண்ணில் கோளாறே இல்லை. கை கால் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்காமலே மூளைக்குச் சொல்பவை தசைகளிலும் தசைநார்களிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்விகள். மூட்டு அளவுக்கு மீறி வளைகிற பலருக்கு அந்தத் தகவல் மங்கலாகத்தான் வரும்.

மூட்டுகள் எவ்வளவு அதிகமாக வளைகின்றன என்று அளக்கும் ‘பெய்ட்டன் அளவுகோல்’ வைத்து பிசியோதெரபிஸ்ட் என்னைச் சோதித்தார். சுண்டு விரல், கட்டை விரல், முழங்கை, முழங்கால் எல்லாம் இரண்டு பக்கமும். கடைசியாக, முட்டி மடக்காமல் உள்ளங்கை தரையில் படுகிறதா என்று. மொத்தம் 9 புள்ளி, எனக்கு 7. (பரதம் கற்றபோது ‘ரப்பர் உடம்பு’ என்று பாராட்டு வேறு!)

நிற்கும்போது என் முழங்கால் பின்னுக்கு வளைந்து பூட்டிக்கொள்ளும். எனக்கோ அதுதான் நேர். அவர் சரியாக நிறுத்தினால் அரைமண்டியில் பாதி இறங்கியது போல இருக்கும். அதனால் கண்ணாடி முன் நின்று பழகுகிறேன். ஸ்ட்ரெச்சிங்கைக் குறைத்து, தொடைத் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. முழங்காலின் பின்புறம் ஒட்டிய டேப், கால் எல்லை தாண்டினால் தோலை இழுத்துச் சொல்லிவிடுகிறது. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்து நிற்பதற்குத்தான் இன்னும் வழி கிடைக்கவில்லை. டிரைவர் பிரேக் போட்டால் தோள்பட்டை அன்றைக்குப் பூராவும் வலிக்கும்.