சீசா ஒருவழியாகத் திரும்பி வந்தது

நாய்களின் தடைதாண்டும் ஓட்டமான அஜிலிட்டிக்காக நான் செய்து, மூன்று வாரமாக என்னை அலைக்கழித்த சீசா, நேற்று மாலை சொன்ன பேச்சைக் கேட்டது. என் நாய் செவலை ஏறினாள், நடு அச்சைத் தாண்டி இரண்டு எட்டு வைத்தாள், முன்னங்கால்களை ஊன்றி நின்றாள். பலகை சாய்ந்து தரையைத் தொட்டது. அவள் இறங்கியதும் மெதுவாகப் பழைய நிலைக்கே திரும்பியது. அந்தத் திரும்புதலுக்காகத்தான் இத்தனை பாடு.

பலகை 12 அடி நீளம், ஓரடி அகலம். ஒரு அங்குலச் சதுரக் குழாயில் சட்டம். ப்ளைவுட் எட்டடிக்கு மேல் கிடைக்காது என்பதால் ஆறடித் துண்டுகள் இரண்டை அச்சுக்கு நேர் மேலே சேர்த்தேன். இதெல்லாம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. அச்சுதான் உயிரை எடுத்தது.

முதலில் குழாய்க்குள் குழாயைச் செருகி கிரீஸ் தடவினேன். இறங்கும் பக்கத்துத் தொடுபகுதியின் (நாய் கால் பதிக்க வேண்டிய முனைப்பகுதி) நடுவில் ஒரு கிலோ வைத்தால் 2 முதல் 3 விநாடிக்குள் பலகை சாய வேண்டும் என்பது சர்வதேச நாய்க் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ.யின் விதி. ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தை வைத்தேன். ஐந்து விநாடி ஆனது. மறுநாள் காலையில் அசையவே இல்லை.

கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த அண்ணன் 25 மில்லிமீட்டர் தண்டில் 6205 பேரிங் இரண்டைப் போட்டு, சட்டத்துக்கு அடியில் பற்றவைத்துக் கொடுத்தார். அருமையாகச் சாய்ந்தது. ஆனால் செவலை இறங்கிய பிறகும் மறுபக்கமே படுத்துக் கிடந்தது! அச்சு கீழேயும் பலகையின் எடை முழுவதும் மேலேயும் இருந்தால், எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே அழுத்தும். இதை உணர எனக்கு நான்கு நாட்கள் ஆயின. மறுபடியும் கணபதி. பேரிங் கூட்டைச் சட்டத்துக்குள்ளேயே ஏற்றிப் பொருத்தச் சொன்னேன். அச்சுக்கும் பலகைக்கும் இடையே ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் இருந்த இடைவெளி இரண்டாகக் குறைந்தது. அப்போதும் பாதி வழி வந்து நின்றது.

மஞ்சள் மண்டியில் தராசோடு வாழ்ந்த என் அப்புச்சி கட்டிலில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து, பலகையின் நுனியை ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்தார். "ஏறுகிற பக்கம் கல்லைக் கட்டு கண்ணு, தானாக வரும்" என்றவர், பரண்மேல் கிடந்த பழைய அரைக்கிலோ எடைக்கல்லை எடுத்துக் கொடுத்தார். அச்சிலிருந்து 40 சென்டிமீட்டரில் கட்டினேன், போதவில்லை. 60 சென்டிமீட்டருக்கு நகர்த்தியதும் வந்துவிட்டது. உப்புப் பொட்டலத்துக்கு இப்போது இரண்டே கால் விநாடி. பத்து முறை பார்த்துவிட்டேன்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலகை தரையில் அடிக்கும் 'டப்' என்ற ஓசைக்கே பல நாய்கள் சீசாவை வெறுக்கின்றன. திருப்பூர் பனியன் கட்டிங் வேஸ்ட்டைச் சாக்கில் திணித்து இரு முனைகளுக்கு அடியிலும் போட்டிருக்கிறேன். முதல் பத்து நாட்கள் ஓரடி உயரத் தாங்கியில்தான் பழக்கினேன். 60 சென்டிமீட்டருக்கு ஏற்றியது இந்த வாரம்தான்.

வழுக்காமலிருக்க முதலில் பொள்ளாச்சி கயிற்றுப் பாயை ஒட்டினேன். செவலையின் நகம் நாரில் மாட்டி அவள் கத்தியதைக் கேட்டு அன்றே பிய்த்துப் போட்டுவிட்டேன். அடுத்து பெயின்டில் எம்.சாண்ட் கலந்தேன். அதன் கூர்முனைகள் அவள் பாதத்தைச் சிராய்த்துவிட்டன. இப்போது இருப்பது மாவுச் சல்லடையில் சலித்த ஆற்று மணல். உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன், பிடிமானம் இருக்கிறது, கீறவில்லை. பழைய வீடு இடித்த இடத்தில் ஒரு சட்டி மணல் கேட்டால் யாரும் மறுப்பதில்லை.

தொடுபகுதி தெரிய இரு முனைகளிலும் 90 சென்டிமீட்டருக்கு மஞ்சள் அடிக்கும் வேலை இன்னும் பாக்கி. ஆனால் மனம் அதற்குள் அடுத்த தடைக்கு, நாய் இடையிடையே புகுந்து வளைந்தோடும் கம்பங்களுக்கு, போய்விட்டது. ஒரு அங்குல பி.வி.சி. குழாய் வெளிவிட்டம் 32 மில்லிமீட்டர், விதிக்குச் சரியாக வருகிறது. ஆறு மீட்டர் குழாய் இரண்டை வெட்டினால் மீட்டர் உயரத்தில் 12 கம்பங்கள், துண்டு வீணாகாது. 60 சென்டிமீட்டர் இடைவெளி வைத்தால் அடிப்பட்டை 6.6 மீட்டர் வேண்டும். அதை மூன்றாகப் பிரித்து போல்ட் போட வேண்டும், இல்லையென்றால் களத்திலிருந்து தூக்க முடியாது. உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை பட்டை தேடப் போகிறேன்.