ஸ்ஃபிக்மோமனொமீற்றர் வழிக்கு வந்துவிட்டது

பிரஷர் பார்க்கிற கருவியின் முழு ஆங்கிலப் பெயரும் போன கிழமை ஒரே மூச்சில் வாயில் ஓடியது. மாங்குளத்தில் பின்னேரம் வாய்க்கால் கட்டால் நடந்து நடந்து சொல்லிப் பழகியதற்குக் கிடைத்த பலன்.

வேர் பிரிக்கிறது லேசு. கிரேக்கத்தில் ஸ்ஃபிக்மோஸ் நாடித்துடிப்பு, மனோஸ் ஐதானது, மெட்ரோன் அளவு. ஆனால் வேர் பிரிந்த இடத்திலேயே நாக்கும் நின்று ‘மனோ–மீற்றர்’ என்றால் உச்சரிப்புப் பிழைத்துவிடும். ஓசை முறிகிற இடம் வேறு: ம–நொம்–இ–டர். மீற்றரின் மகரம் முன்னுக்குப் போய் ஒட்டிக்கொள்ள, அழுத்தம் முழுக்க அந்த ‘நொம்’மில் விழுகிறது. யாப்புப் படித்தவர்களுக்கு இது வகையுளிதான், செய்யுளில் சீருக்காகச் சொல்லை நடுவில் முறிக்கிறது. பதம் ஒரு பக்கம், சீர் ஒரு பக்கம். தெர்மோமீற்றரும் இப்படித்தான். ஹெலிகொப்டரைப் பாருங்கள்: வேர் ஹெலிகோ (சுருள்), ப்டெரோன் (சிறகு). வாயோ ஹெலி–கொப்–டர் என்றுதான் முறிக்கிறது.

எனக்குக் கைகொடுத்தது பின்னாலிருந்து கட்டுகிற முறை. டர், இடர், நொமிடர், மநொமிடர். ஒன்று உறுதியாக நின்ற பிறகுதான் அடுத்ததைச் சேர்க்க வேண்டும். தமிழில் அசைகளை ஏறக்குறையச் சமமாகச் சொல்லிப் பழகிய வாய், முன்னாலிருந்து தொடங்கினால் ‘ஸ்ஃபிக்’கிலேயே பலத்தைக் கொட்டிவிட்டு ‘நொம்’மைத் தட்டையாக்கிவிடும். ‘இஸ்ஃபிக்’ என்று முன்னால் வந்து குந்துகிற இகரத்துக்கும் மருந்து உண்டு: ‘ஸ்’ஸை மட்டும் தனியே நீட்டிவிட்டுப் பிறகு ‘ஃபி’க்குப் போங்கள்.

சொல்மூலம் போட்ட அகராதி தேடுகிறவர்கள் யாழ்ப்பாணத்துப் பழைய புத்தகக் கடைகளில் பாருங்கள். எனக்குக் கிடைத்ததற்கு அட்டை இல்லை, ஆனால் கிரேக்க மூலங்கள் அத்தனையும் இருக்கின்றன. பரீட்சைக்கென்று விற்கிற கையகராதிகளை நம்பிக் காசைச் செலவழிக்க வேண்டாம், பொருளோடு நின்றுவிடும்.

அடுத்தது லெப்டோஸ்பைரோசிஸ். பெரும்போகத்தில் வயலுக்குள் இறங்குகிற எங்கள் ஆட்களுக்கு எலிக்காய்ச்சல் என்றால் தெரியும். லெப்டோஸ் மெல்லியது, ஸ்பெய்ரா சுருள். நுணுக்குக்காட்டியில் அந்தக் கிருமி மெல்லிய சுருளாகத்தான் தெரியும். அழுத்தம் ‘ரோ’வில், இரத்தக்கட்டியைக் குறிக்கிற திரொம்போசிஸில் ‘போ’வில் விழுகிற மாதிரி. காது மூக்கு தொண்டை மருத்துவத்தின் பெயரான ஓட்டோரைனோலரிங்கொலஜியையும் கொப்பியில் பிரித்து எழுதிவிட்டேன். அதில் ‘கொ’வை அழுத்த வேண்டும், ‘லொஜி’ என்று முடிகிற சொற்களில் எல்லாம் கடைசியிலிருந்து மூன்றாம் அசைக்குத்தான் அந்த உரிமை.

ஆனால் ஸ்ஃபிக்மோமனொமீற்றரை வசனத்துக்குள் வைத்து வேகமாகச் சொல்லும்போது ‘மொ’வும் ‘ம’வும் இன்னும் ஒன்றையொன்று விழுங்குகின்றன. அந்த இரண்டையும் பிரித்தெடுத்த பிறகுதான் மற்றவை.